வெல்டா உரசி எடுத்த நம்பர்

சபையை விட்டு நீக்கினார்களா? யாரை, வெல்டாவையா? யார் சொன்னது, நெவா ஃப்யூகேட்டா? நெவாவின் காதில் ஒரு சேதி போய் வாய் வழியாக வெளியே வந்தால், பெற்ற தாய்க்கே அதை அடையாளம் தெரியாது. நான் அன்றைக்கு மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். யாரும் யாரையும் நீக்கவில்லை. வெல்டா சைஸ்மோர் தானாக எழுந்தாள், தானாகக் கதவைத் திறந்தாள், தானாக வெளியே போனாள். அவள் போன பிறகு, ஏதோ தாங்கள்தான் துரத்தியது போல இவர்கள் கதை கட்டிக்கொண்டார்கள்.

கூடவே இன்னொன்றும் சொல்கிறார்கள். டென்ஸில் டாக்கெட்டை அவள் போலீசுக்குக் காட்டிக்கொடுத்தாளாம். அதையும் கேட்டுவிட்டு எத்தனை நாள்தான் பீன்ஸை உரித்துக்கொண்டு வாயை மூடி உட்கார்ந்திருப்பது? நடந்ததைச் சொல்கிறேன். பிடிக்காதவர்கள் நெவாவிடமே போய்க் கேட்டுக்கொள்ளட்டும்.

வெல்டாவை எனக்கு அவள் இந்த ஓடைக்கரைக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து தெரியும். நெடுநெடுவென்று உயரம். பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பத்தொரு வருடம் வேலை. இன்றைக்கு இந்த ஊரில் மீசை முறுக்குகிற அத்தனை பேரும் அவள் தட்டிக் கொடுத்த பிஸ்கட் ரொட்டியைத் தின்று வளர்ந்தவர்கள்தான். சிரித்தால் முட்டையிட்ட கோழி மாதிரி கொக்கரிப்பாள். அவள் புருசன் ஹோபார்ட் நிலக்கரி லாரி ஓட்டினான். பேச்சு குறைவு, கோபம் அதைவிடக் குறைவு.

அந்த ஹோபார்ட் ஒரு சனிக்கிழமை சாலை முக்கில் கூடுகிற பழைய சாமான் சந்தையில் ஒரு துப்பாக்கி வாங்கினான். விற்றவன் பச்சை டிரக்கில் வந்தவன். ரெண்டு பேரும் கைகுலுக்கினார்கள், வேலை முடிந்தது. எங்கள் பக்கத்தில் அப்படித்தான். கைகுலுக்கிய பிறகு பேர் கேட்பதே மரியாதைக் குறைவு. துப்பாக்கியைத் திருப்பி, ஒவ்வொன்றுக்கும் தனியாக அடித்திருக்கிற நம்பரைப் பார்த்தால் விற்கிறவன் முகத்தில் துப்பியதற்குச் சமம். அதனால் ஒருத்தரும் பார்ப்பதில்லை. இதற்கு மானம் என்று பேர் வைத்திருக்கிறார்கள். சோம்பேறித்தனத்துக்கு நல்ல சட்டை போட்டால் மானம் ஆகிவிடும் போலிருக்கிறது.

ஒரு வருடம் கழித்து, முயல் வேட்டை முடித்துத் திரும்பும்போது, வண்டியின் பின்விளக்கு எரியவில்லை என்று ஷெரீப் ஆபீஸ் போலீஸ்காரன், டெபுடி ஒருத்தன், ஹோபார்ட்டை நிறுத்தினான். துப்பாக்கியைப் பார்த்தான். வயர்லெஸ்ஸில் நம்பரைச் சொன்னான். ஒஹாயோவில் ஏதோ ஒரு வீட்டிலிருந்து திருடுபோன துப்பாக்கி அது.

"யார்கிட்ட வாங்கின?"

"பச்சை டிரக்காரன்கிட்ட."

"அவன் பேர் என்ன?"

"கேக்கலைங்க."

ஐந்து வாரம் உள்ளே இருந்தான். வழக்கு ஒரு வருடம் இழுத்துக்கொண்டு போய்க் கடைசியில் ஒன்றுமில்லை என்று தள்ளிவிட்டார்கள். அதற்குள் லாரி வேலை போய்விட்டது. ஊர் சும்மா இருந்ததா? அவனோடு சின்ன வயதில் மீன் பிடித்தவர்களே, "கொஞ்சம் கை நீளம்தான் போல" என்றார்கள். மளிகைக் கடை எஸ்டில் காடில் இருக்கிறாரே, ஹோபார்ட் கடைக்குள் நுழைந்தால் அவர் கண் ஹோபார்ட்டின் கை மேலேயே இருக்கும். ஹோபார்ட் கையைக் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு, வேண்டியதை மோவாயால் காட்டுவான். நான் என் கண்ணால் பார்த்தேன். ஆறு வருடம் கழித்து நுரையீரல் கெட்டுச் செத்தான். கடைசி வாரத்திலும் அந்தப் பச்சை டிரக்கைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தான்.

அடக்கம் முடிந்து வந்த அன்று வெல்டா என்னிடம் சொன்னாள்: "அத்தை, இனி நம்பர் கேக்காம ஒரு துப்பாக்கி என் வாசப்படி தாண்டாது. திருடன் வீடுன்னு இன்னொரு தரம் என் வீட்டை ஒருத்தன் சொல்லக் கூடாது."

அவளுக்கு மிச்சம் இருந்தது நல்ல பேர் ஒன்றுதான். அதைக் காப்பாற்ற அவள் செய்ததற்குத்தான் இவ்வளவு பேச்சும்.

துப்பாக்கி இல்லாமல் இருக்கக் கூடாதா என்று டவுனில் இருப்பவர்கள் கேட்பார்கள். நவம்பரில் ஒரு மான் அடித்தால் வெல்டாவுக்கு மார்ச் வரை கறி. தன் நிலத்திலேயே கருவாலி மரத்துக் கட்டையில் உட்கார்ந்து, ஒரே தோட்டாவில் முடிப்பாள். வருடா வருடம் தன் தம்பியின் ரைபிளை இரவல் வாங்குவாள். இந்தத் தகராறு நடந்த வருடம் தம்பி தன் மகளோடு இருக்க இண்டியானா போய்விட்டான், ரைபிளும் அவனோடு போய்விட்டது. ஆகவே வாங்கத்தான் வேண்டும்.

அக்டோபரில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே நிற்கும்போது, டென்ஸில் டாக்கெட் தன் டிரக்கின் பின்தட்டில் ஒரு ரைபிளைப் போர்வை விரித்து வைத்தான். டென்ஸில்தான் எங்கள் சபையில் பாட்டுக்கு வரி எடுத்துக் கொடுப்பவன். அவன் ஒரு வரியை இழுப்பான், நாங்கள் பின்னாலேயே இழுப்போம். குரல் நல்ல குரல். கர்த்தர் கொடுத்ததை எல்லாம் தொண்டையிலேயே கொடுத்துவிட்டார்; மற்ற இடங்களுக்கு மிச்சமில்லை.

ரைபிள் அழகானது, பொய் சொல்லக் கூடாது. அடியில் வளையம் மாதிரி பிடி, அதை இழுத்து மூடினால் தோட்டா ஏறும். ஆண்கள் எல்லாம் ஆளுக்கொரு தரம் தோளில் வைத்துப் பார்த்தார்கள்.

"எங்க மாமா வெச்சிருந்தது. அவர் போய்ட்டாரு, இது மட்டும் நிக்குது. உனக்குன்னா விலையக் கொறைச்சுத் தர்றேன், சிஸ்டர் வெல்டா" என்றான் டென்ஸில்.

வெல்டா அதைத் தூக்கிப் பார்த்தாள். மூடித் திறந்து பார்த்தாள். பிறகு கேட்டாள்: "நம்பர் எங்க இருக்கு?"

லானி ஃப்யூகேட், நெவாவின் புருசன், முதலில் சிரித்தான். "என்னக்கா, கல்யாணம் பண்ணிக் குடுக்கப் போறியா, ஜாதகம் கேக்குற?"

"கேட்டுட்டுத்தான் குடுத்திருக்கணும் லானி. உன்னை நெவாவுக்குக் குடுத்தப்ப ஒருத்தரும் கேக்கல, பாரு."

எல்லோரும் சிரித்தார்கள், நெவாவைத் தவிர. டென்ஸில் சிரிக்கவில்லை. "சபையில எனக்குப் பக்கத்துல நின்னு பாடுறவ நீ. என் வார்த்தை போதாதா?"

"ஹோபார்ட்டுக்கு ஒருத்தன் வார்த்தை குடுத்தான். அது போதாமத்தான் போச்சு. ஷெரீப் ஆபீஸ்ல கேட்டுட்டு வாங்கிக்கிறேன் டென்ஸில், கோச்சுக்காத."

கோபித்துக்கொண்டான். அப்போது எஸ்டில் நடுவில் வந்தார். ஊரில் துப்பாக்கி விஷயம் என்றால் எஸ்டில்தான் சுப்ரீம் கோர்ட்டு. எந்தத் துப்பாக்கி எந்த வருடம் செய்தது, எந்தத் தோட்டா எவ்வளவு தூரம் போகும் என்று அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து நாற்பது வருடமாகப் பேசுகிறார். "கொண்டா, நான் நம்பர் படிக்கிறேன். என் அக்கா மவன் ஷெரீப் ஆபீஸ்ல போன் எடுக்கிறான். நாளைக்குச் சொல்லிடுவான், பிரச்சினை முடிஞ்சது" என்று, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குழல் மேலே பொறித்திருந்த எண்ணைப் படித்து, காகிதத்தில் எழுதிக்கொண்டார்.

மறுநாள் பதில் வந்தது. அந்த நம்பரில் எந்தத் திருட்டும் பதிவாகவில்லை, சுத்தம்.

எஸ்டில் கடையில் அன்றைக்குப் பாதி ஊர் கூடியிருந்தது, டென்ஸிலும் ரைபிளோடு வந்திருந்தான். வெல்டா வாங்கப் போகிறாள், அதற்கு முன்னால் மன்னிப்புக் கேட்கப் போகிறாள், வேடிக்கை பார்க்கலாம் என்று வந்த கூட்டம். நானும் போனேன், உப்பு வாங்க என்று சொல்லிக்கொண்டு. வெல்டா எதையும் பேசாமல் எஸ்டிலின் தலைக்கு மேலே சுவரைப் பார்த்தாள். அங்கே அதே ஜாதி ரைபிள் ஒன்று தொங்கியது, எஸ்டிலுடையது.

"அண்ணே, அதக் கொஞ்சம் எறக்குங்க."

"எதுக்கு?"

"எறக்குங்கன்னா."

இறக்கினார். வெல்டா ரெண்டு துப்பாக்கியையும் மேசை மேல் பக்கம் பக்கமாக வைத்தாள். என்னைக் கூப்பிட்டாள். எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் ரெண்டு எண் ஒன்றா வேறா என்று பார்ப்பதற்குப் படிப்பு வேண்டாம். எஸ்டிலின் துப்பாக்கிக் குழலிலும் அதே எண். ஒரு கோடு கூட மாறவில்லை.

"ரெண்டு பிள்ளைக்கும் ஒரே பேரா வைப்பாங்க?" என்றாள் வெல்டா. "இது கம்பெனிக்காரன் வாங்கின பேட்டன்ட் நம்பர் அண்ணே. இந்த மாடல் எல்லாத்துலயும் இதான் இருக்கும். அக்கா மவன் கேட்டது துப்பாக்கியோட நம்பரை இல்ல."

எஸ்டில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். நாற்பது வருடம் தலைக்கு மேலே தொங்கவிட்டுக்கொண்டு, அதன் நம்பர் எங்கே இருக்கிறது என்று அந்த மனுசனுக்குத் தெரியவில்லை. அதைத் தொட்டுக்கூட எண்ணெய் போட்டதில்லை என்பதும் அன்றைக்கு வெட்டவெளிச்சமாகிவிட்டது. இறக்கிய அவர் விரலில் சிலந்தி வலை ஒட்டியிருந்தது.

வெல்டா டென்ஸிலின் ரைபிளைக் கவிழ்த்தாள். விசைக்கு முன்னால், அடிப்பக்கத்தில், கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

"குளிர் நாள்ல கை ஒட்டிக்கும், அதுக்குச் சுத்தினது" என்றான் டென்ஸில், யாரும் கேட்காமலே.

வெல்டா கட்டைவிரல் நகத்தால் டேப்பைக் கிளப்பினாள். அடியில் கெட்டியான கிரீஸ். துணியால் துடைத்தாள், ஆறு இலக்க எண் தெரிந்தது. பையிலிருந்து மெல்லிய காகிதத்தை எடுத்து அதன் மேல் வைத்து, பென்சிலைச் சாய்த்துப் பிடித்து உரசினாள். வெள்ளையாக எண் எழும்பி வந்தது. கண்ணால் பார்த்து எழுதினால் மூன்றை எட்டாக எழுதிவிடலாம். உரசி எடுத்தால் தப்பு வராது. இதை அவள் எப்போது கற்றுக்கொண்டாள் என்று எனக்குத் தெரியாது. ஹோபார்ட் உள்ளே இருந்த ஐந்து வாரத்தில் அவள் நிறையக் கற்றுக்கொண்டாள்.

ஷெரீப் ஆபீசுக்கு அவள் வண்டியில் நானும் போனேன். மேசை மேல் காலைப் போட்டுக்கொண்டு ஒரு டெபுடி பன்றிக்கறி வைத்த பிஸ்கட் ரொட்டி தின்றுகொண்டிருந்தான். "நாளைக்கு வாங்க" என்றான். "சாப்பிட்டு முடிங்க, உக்காந்திருக்கோம்" என்று வெல்டா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அவன் மென்றுகொண்டே இருந்தான், நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். ரெண்டு கிழவிகள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தால் எவனால் தின்ன முடியும்? எழுந்து போய் எண்ணைத் தட்டினான். திரும்பி வரும்போது நடை மாறியிருந்தது.

"இது திருட்டுத் துப்பாக்கிம்மா. மூணு வருசம் ஆச்சு. பக்கத்துக் கவுன்டியில பர்ச்செல் நோ-ன்னு ஒரு பெரியவர் வீட்டுல போனது. துப்பாக்கி எங்க?"

"என் வீட்டுல இல்ல. நான் வாங்கல."

"யார் வீட்டுல?"

கேளுங்கள், இதைத்தான் நெவா மாற்றிச் சொல்கிறாள். வெல்டா சொன்ன பதில் என் காதில் இன்னும் இருக்கிறது: "அவன் தெரியாம வாங்கியிருக்கலாம். என் புருசன் அப்படித்தான் வாங்கினான், நீங்க யாரும் நம்பல. அதனால அவனே கொண்டு வந்து குடுப்பான். நான் பேர் சொல்ல மாட்டேன்." டெபுடி ஒரு சீட்டில் ஏதோ கிறுக்கி, காப்பிக் கோப்பைக்கு அடியில் வைத்தான். அந்தச் சீட்டு வேறெங்கும் போகவில்லை. கோப்பையின் வட்டம் பதிந்து அங்கேயே கிடந்திருக்கும்.

அங்கிருந்து நேராக டென்ஸில் வீட்டுக்குப் போனோம். அவன் வாசலில் நின்றான், உள்ளே கூப்பிடவில்லை.

"டென்ஸில், அது மாமாவுது இல்ல. யார்கிட்ட வாங்கின?"

அவன் கீழே பார்த்தான். "செயின் ரம்பத்தைக் குடுத்துட்டு மாத்திக்கிட்டேன். பேர் தெரியாது."

"சரி. நீயே கொண்டு போய்க் குடுத்துட்டு இதையே சொல்லு. உண்மைய நீயா போய்ச் சொன்னா ஒண்ணும் பண்ண மாட்டாங்க. உன் பேரை நான் சொல்லல, சொல்லவும் மாட்டேன்."

"தேங்க்ஸ் சிஸ்டர்" என்றான். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. பாட்டு எடுத்துக் கொடுக்கும்போதும் அவனுக்கு அப்படி வரும்.

கொண்டு போய்க் கொடுத்தானா? டேப்பை மறுபடி சுற்றினான். வெல்டாவுக்குச் சந்தேகப் புத்தி, நம்பர் சுத்தம் என்று எஸ்டிலே சொல்லிவிட்டார் என்று அன்றைக்குக் கடைக்கு வராத லானி ஃப்யூகேட்டிடம் பேசி, அவனுக்கு விற்றுவிட்டான். லானிக்கு ரைபிளைவிட வெல்டாவை மட்டம் தட்டுவதில்தான் ஆசை. அதை டிரக்கின் பின்கண்ணாடியில் மாட்டிக்கொண்டு, வெல்டா வீட்டைத் தாண்டும்போதெல்லாம் ஹாரன் அடித்தான்.

வெல்டா ரோட்டில் இறங்கி அவனை நிறுத்தினாள். "லானி, டேப்புக்கு அடியில இருக்கிற நம்பரைக் கேட்டுட்டு அப்புறம் வீட்டுக்குள்ள கொண்டு போ. நான் இதுக்கு மேல சொல்லக் கூடாது."

"ஏன்க்கா, உனக்குக் கிடைக்கலன்னு வயித்தெரிச்சலா?"

"வயித்தெரிச்சல்னே வெச்சுக்க. போய்க் கேளு."

கேட்கத்தான் போனான் அந்தப் புத்திசாலி! எப்படிப் போனான் தெரியுமா? ஷெரீப் கையெழுத்தோடு 'இது சுத்தமான துப்பாக்கி' என்று காகிதம் வாங்கி, எஸ்டில் கடைக் கதவில் ஆணியடித்து, வெல்டா முகத்தில் கரி பூசுவதற்காகப் போனான். துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு, திருட்டுச் சாமானைத் தானே தூக்கிக்கொண்டு, ஷெரீப் மேசைக்கு முன்னால் போய் நின்று, "இது நம்பரைப் பாருங்க, நல்லாப் பாருங்க" என்றான். நல்லாத்தான் பார்த்தார்கள். சாயங்காலம் வரை உள்ளே வைத்திருந்தார்கள். அவன் டென்ஸில் பேரைச் சொன்னான், மூச்சு விடாமல் மூணு தரம் சொன்னான். டென்ஸில் செயின் ரம்பக் கதையைச் சொன்னான். ரெண்டு பேரும் சபையில் பாட்டுப் பாடுகிற முகம், விட்டுவிட்டார்கள். ஹோபார்ட்டுக்கு ஐந்து வாரம். இவர்களுக்கு ஐந்து மணி நேரம்கூட இல்லை.

மறுநாள் காலையிலேயே ஊருக்குள் கதை முடிவாகிவிட்டது: வெல்டா காட்டிக்கொடுத்துவிட்டாள்.

இதற்கு மேல் ஒன்று. துப்பாக்கி திரும்பக் கிடைத்த பர்ச்செல் நோ, எண்பது வயசு மனுசன், அது அவர் அப்பா வைத்திருந்தது, யார் கண்டுபிடித்தது என்று விசாரித்தாராம். எங்கள் சபை ஆட்கள்தான் கொண்டுவந்து கொடுத்தார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். கிழவர் தன் கையால் காய்ச்சிய இனிப்புச் சோளப் பாகு ஆறு ஜாடி கொண்டுவந்து, டென்ஸிலின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். டென்ஸில் குலுக்க விட்டான். ஜாடிகளையும் வாங்கி வைத்துக்கொண்டான்.

மாதக் கடைசி சனிக்கிழமை சபைக் கூட்டம். கூட்டம் முடிந்ததும் சாப்பாடு. பின் மேசையில் அவரவர் கொண்டுவந்த பாத்திரங்கள். கோழியும் அதன் குழம்பில் வெந்த மாவு உருண்டையும், பச்சை பீன்ஸ், சோளரொட்டி, நடுவில் அந்த ஆறு ஜாடி பாகு. வெல்டா உலர்ந்த ஆப்பிள் வைத்து ஏழு அடுக்குக் கேக் செய்து கொண்டுவந்திருந்தாள். அவள் கேக்குக்காகவே கூட்டத்துக்கு வருகிறவர்கள் உண்டு; அவர்கள் பேரையும் சொல்லலாம், சொல்லவில்லை.

போதகர் ஹார்கிஸ் போலிங் எழுந்து வழக்கமான கேள்வியைக் கேட்டார்: "சபை சமாதானமா இருக்கா?"

யாரும் பேசாவிட்டால் சமாதானம் என்று அர்த்தம். டென்ஸில் எழுந்தான். "எனக்கு சிஸ்டர் வெல்டா மேல மனத்தாங்கல் இருக்கு" என்றான். தன் வார்த்தையைச் சபைக்கு முன்னால் சந்தேகப்பட்டாளாம். ஒரு சகோதரன் விஷயத்தைச் சட்டத்துக்கிட்ட கொண்டு போனாளாம். லானி தலையை ஆட்டினான். எஸ்டில் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெவா கைக்குட்டையை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டாள்.

போதகர் சாந்தமாகச் சொன்னார்: "சிஸ்டர் வெல்டா, முன்னால வாங்க. பிரதர் டென்ஸிலுக்குக் கை குடுத்து, தப்பு நடந்துபோச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. எல்லாம் சரியாப் போயிடும்." சொல்லாவிட்டால் சபைப் பதிவேட்டில் பேரை அடித்துவிடுவார்கள் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். அடித்துவிட்டால் அவள் சபைக்காரி இல்லை. டென்ஸில் அங்கேயே கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

வெல்டா எழுந்து அந்தக் கை வரைக்கும் நடந்தாள். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"என்ன தப்பு, பிரதர் ஹார்கிஸ்? நம்பர் கேட்டதா, இல்ல நம்பர் சரியா இருந்ததா?"

போதகர் இருமினார். "மனசு நொந்திருக்குது சிஸ்டர்..."

"ஹோபார்ட்டு இப்படி நீட்டின ஒரு கையைத்தான் குலுக்கினான். அவன் மனசு நொந்தப்ப இந்தச் சபை எந்தக் கூட்டம் போட்டுச்சு? நீங்க எல்லாரும் அவன் கையைத்தான பாத்துக்கிட்டிருந்தீங்க." டென்ஸில் பக்கம் திரும்பினாள். "உன் பேரைச் சொல்ல மாட்டேன்னேன், சொல்லல. அது உனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் நிக்கிற. இந்தக் கையை நான் குலுக்கினா, நான் காட்டிக்குடுத்தேன்னு நானே சொன்ன மாதிரி. என்னால முடியாது."

எங்கள் பக்கத்தில் ஒருத்தராவது எழுந்து, அவள் பேர் சொல்லவில்லை, நான் கூட இருந்தேன் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லக்கூடியவள் அங்கே ஒருத்திதான் இருந்தாள். அவளுக்கு அன்றைக்கு முழங்கால் வலி. எழுந்திருக்க நேரமாகும் என்று நினைத்துக்கொண்டே மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மற்றவர்களைத் திட்டுகிற வாயால் இதையும் சொல்லிவிடுகிறேன்.

"அப்போ பேரை எடுக்கறதுக்கு ஒரு தீர்மானம்..." என்று லானி ஆரம்பித்தான். அவன் வாய் அந்த வார்த்தையை முடிப்பதற்குள் வெல்டா நடந்துவிட்டாள். வாசலுக்குப் போகவில்லை, முதலில் பின் மேசைக்குப் போனாள். துணியை ஒதுக்கி, ஏழு அடுக்குக் கேக்கைத் தட்டோடு தூக்கினாள். நெவாவின் கண் அந்தக் கேக்கோடு கூடவே போனதை நான் பார்த்தேன். பாகு ஜாடிகளை எடுக்கவில்லை. நடுவில் இருந்த ஒரு ஜாடியை மட்டும் தட்டில் படாமல் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

எங்கள் சபைக் கதவு மழைக்கு உப்பிப்போய்த் தரையில் தேயும். ஆண்கள் எல்லாம் அதை உதைத்துத் திறப்பார்கள், பாதியிலேயே விட்டுப் போவார்கள். வெல்டா தட்டை ஒரு கையில் இடுப்போடு அணைத்துக்கொண்டு, மற்றக் கையால் கைப்பிடியைப் பிடித்து, கதவை லேசாகத் தூக்கித் திறந்தாள். வெளியே போனாள். திரும்பி நின்று, அதே மாதிரி தூக்கி, சத்தமில்லாமல் சாத்தினாள்.